பக்கத்துத் தெருப் புத்தகக் கடையும் மின்னூலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புத்தகக் கடைக்காரன் வாயால் மின்னூல் என்று கேட்டாலே பலருக்கு முகம் மாறிவிடுகிறது. "நீங்களுமா?" என்கிறார்கள். சின்னக் கடையில் பல வருஷமாகக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான். வாசகர்களும் இதே தொழிலில் இருக்கும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. பாதி மின்னூல் பற்றி, பாதி எழுத்தாளர் சந்திப்புகள் பற்றி. என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே விஷயம்தான், ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

மின்னூல் வந்துதானே சின்னக் கடைகளின் வயிற்றில் அடித்தது? அதையே எப்படி விற்கிறீர்கள்?

அந்தப் பயம் எனக்கும் இருந்தது, அதனால் இப்படிக் கேட்பவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. 2007 நவம்பரில் அமேசான், மின்னூல் படிக்கும் கருவியான கிண்டிலை விற்க ஆரம்பித்தது. 2011இல் அமெரிக்காவில் பார்டர்ஸ் என்ற பெரிய சங்கிலிக் கடையே மூடப்பட்டது. நடுவில் இருந்த அந்த நாலு வருஷமும் எங்கே பார்த்தாலும் அச்சுப் புத்தகத்துக்கு ஆயுசு முடிந்தது என்ற பேச்சுதான். ஆனால் வலி எங்கிருந்து வந்தது என்று நிதானமாகப் பார்த்தால், அந்தக் கருவிக்குள்ளேயே ஒரு கடையும் இருந்தது, அதை வாங்கியவர் அதற்குப் பிறகு இன்னொரு கடைப் படியேற வேண்டிய தேவையே இல்லாமல் போனது, அங்கிருந்துதான் வந்தது.

எங்களிடம் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வருவார். பல வருஷமாக வாரத்துக்கு ஒரு நாவல். திடீரென்று வருவது நின்றுவிட்டது. ஐந்தாறு மாதம் கழித்து யாருக்கோ பிறந்தநாள் பரிசு வாங்க வந்தவர், பணம் எடுக்கப் பையைத் திறந்தபோது மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் ஒரு இ-ரீடர் இருந்தது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் கைக்குட்டையை அதன்மேல் இழுத்துவிட்டார். "கண்ணு சரியில்லப்பா, இதுல எழுத்தைப் பெரிசாக்கிக்கலாம்" என்றார், ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி. காட்டுங்கள் என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு எட்டு ஒன்பது வரிதான், அவ்வளவு பெரிய எழுத்து. அவர் படிப்பதை நிறுத்தவே இல்லை, எங்களிடம் வருவதைத்தான் நிறுத்தியிருந்தார், அதுவும் வெறும் கூச்சத்தில். அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்க அவருக்கு ஆளே இல்லாமல் அந்த ஆறு மாதம் போயிருக்கிறது. மின்னூலும் விற்பது என்று நான் முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

சரி, சின்னக் கடை மின்னூலை எப்படி விற்கும்? அதற்குத் தனியாக ஆப் எல்லாம் செய்ய வேண்டுமா?

வேண்டாம், செய்யவும் முடியாது. கோப்புகளைச் சேமிப்பது, பூட்டுவது, பதிப்பகங்களோடு ஒப்பந்தம் போடுவது எல்லாம் பெரிய வேலை. நடுவில் ஒரு நிறுவனம் அதைப் பார்த்துக்கொள்ளும், கடை தன் வாசகரை அதன் வழியாக அனுப்பும். கடைக்கென்று தனி லிங்க் இருக்கும், அதன் வழியாக யார் வாங்கினாலும் கடைக்கு ஒரு பங்கு வரும்.

இந்த ஏற்பாடு சுலபமாக வந்துவிடவில்லை. 2010 டிசம்பரில் கூகுள் மின்னூல் விற்பனையில் இறங்கியபோது அமெரிக்கப் புத்தகக் கடைக்காரர் சங்கத்தின் உறுப்பினர்களுக்கும் வழி திறந்தது, சின்னக் கடைகள் தங்கள் வலைத்தளத்திலேயே விற்றன. 2012 ஏப்ரலில், இதை நிறுத்தப் போகிறோம் என்று கூகுள் அறிவித்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தச் சங்கம், மின்னூலும் அதைப் படிக்கும் கருவியும் விற்கும் கோபோ நிறுவனத்தோடு கைகோத்தது. கடையில் கோபோ கருவி வாங்கினால் அந்த வாசகரின் கணக்கு கடையோடு இணைந்துவிடும், பிறகு அவர் வீட்டில் படுத்துக்கொண்டே வாங்கும் மின்னூலுக்கும் கடைக்குக் கொஞ்சம் வரும். ஜெர்மனியில் செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும்: 2013இல், வழக்கமாக ஒருவரோடொருவர் போட்டி போடும் தாலியா, ஹூகெண்டூபெல், வெல்ட்பில்ட் போன்ற கடைகள் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு சேர்ந்து தோலினோ என்ற பொதுக் கருவியைக் கொண்டுவந்தன, பின்னால் அதில் சின்னக் கடைகளும் சேர்ந்துகொண்டன. 2020இல் அமெரிக்காவில் தொடங்கிய புக்‌ஷாப்.ஆர்க் என்ற இணையக் கடை முதலில் அச்சுப் புத்தகம் மட்டும் விற்றது, 2025 ஜனவரியில் அங்கே மின்னூலும் விற்க ஆரம்பித்தது. வாங்கும்போது எந்தக் கடைக்குப் பங்கு போக வேண்டும் என்று வாசகரே தேர்ந்தெடுக்கலாம்.

தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூகுள் விலகியபோது நடந்தது நாளைக்கும் நடக்கலாம். அதனால் வாசகரின் பெயரும், அவருக்கு என்ன பிடிக்கும் என்பதும் உங்கள் நோட்டிலும் இருக்க வேண்டும். நடுவில் நிற்கும் நிறுவனத்தின் கணினியில் மட்டும் இருந்தால் அது போகும்போது எல்லாம் போய்விடும்.

அதில் உங்களுக்கு என்னதான் மிஞ்சும்?

பல பெரிய பதிப்பகங்களின் மின்னூலுக்கு விலையைப் பதிப்பகமே வைக்கிறது, விற்பவருக்குத் தரகு மாதிரி ஒரு பங்கு. 2010இல் இந்த முறை பரவியபோது அது நூற்றுக்கு 30 என்று இருந்தது. சின்னக் கடைக்கு அந்த முப்பதும் முழுதாக வருவது அபூர்வம், நடுவில் இருப்பவருக்கும் கொடுக்க வேண்டும். அச்சுப் புத்தகத்தில் ஆங்கிலப் பதிப்புலகில் கடைக்குக் கிடைக்கும் கழிவு பொதுவாக 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஆனால் வாடகை, வண்டிச் செலவு, அழுக்கான பிரதி, விற்காமல் கட்டுக்கட்டித் திருப்பி அனுப்புவது எல்லாம் அதிலிருந்துதான். மின்னூலுக்கு அலமாரியே வேண்டாம். இருந்தாலும் ஒளிக்காமல் சொல்கிறேன், மின்னூல் வருமானத்தை மட்டும் வைத்து எந்தச் சின்னக் கடையும் வாடகை கட்டாது. அதை வாங்குபவர் நம்மோடேயே இருக்கிறார், அடுத்த சந்திப்புக்கு வருகிறார், அக்கா மகளுக்குப் பரிசு வேண்டுமானால் நம் கடைக்குத்தான் வருகிறார். லாபம் என்றால் எனக்கு அதுதான்.

விலையை வெட்டிப் போட்டி போடுவது பற்றியும் கேட்கிறார்கள். பிரான்சில் 1981லிருந்தே புத்தகத்துக்கு நிலையான விலைச் சட்டம் இருக்கிறது, 2011இல் மின்னூலுக்கும் தனிச் சட்டம் வந்தது. ஜெர்மனியில் 2016இல் சட்டத்தைத் திருத்தி மின்னூலையும் வெளிப்படையாகச் சேர்த்தார்கள். இந்த நாடுகளில் பெரிய நிறுவனம் விற்றாலும் மூலைக்கடை விற்றாலும் விலை ஒன்றுதான், வாசகர் தனக்குப் பிடித்த இடத்தில் வாங்கலாம். அப்படிச் சட்டம் இல்லாத ஊர்களில் விலையில் ஜெயிக்க முயல வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

என்னிடம் கிண்டில் இருக்கிறது. உங்களிடம் வாங்கிய மின்னூலை அதில் படிக்கலாமா?

பூட்டு இல்லாத இபப் (மின்னூலுக்கான ஒரு பொதுக் கோப்பு வகை) என்றால் படிக்கலாம். 2022லிருந்து கிண்டிலுக்கு இபப் கோப்பை நேரடியாக அனுப்பும் வசதி இருக்கிறது. நகல் எடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டு போட்டதென்றால் முடியாது, அந்தப் பூட்டுக்கான சாவி கிண்டிலிடம் இல்லை. பெரிய பதிப்பகங்களின் நூல்கள் பெரும்பாலும் பூட்டோடுதான் வருகின்றன. வாங்குவதற்கு முன்னால் கல்லாவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாங்கி, திறக்காமல், மனசு நொந்து வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வாங்கிய மின்னூல் எனக்குச் சொந்தமா?

பெரும்பாலும் படிக்கும் உரிமம் மட்டும்தான் உங்களுடையது. 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒருவர் விற்பனைக்கு ஏற்றியிருந்த ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை அமேசான் வாசகர்களின் கிண்டிலிலிருந்தே அழித்தது. பணம் திரும்ப வந்தது, மன்னிப்பும் கேட்டார்கள், ஆனால் வீட்டுக்குள் வந்து அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது என்று பலர் கொதித்தார்கள். 2019இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கிய எல்லாப் புத்தகமும் வாசகர்களிடமிருந்து மறைந்தது. அங்கேயும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஓரத்தில் எழுதி வைத்த குறிப்புகளுக்கு எந்தப் பணம் ஈடாகும்?

அதனால் நான் வாசகர்களிடம் சொல்வது இதுதான்: ஒருமுறை படித்துவிட்டு நகர்கிற நூலை மின்னூலாக வாங்குங்கள், பத்து வருஷம் கழித்தும் எடுத்துப் பார்ப்பேன் என்று தோன்றுகிற நூலை அச்சில் வாங்குங்கள், பூட்டில்லாமல் விற்கிற பதிப்பகம் கிடைத்தால் விடாதீர்கள், கோப்பை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

பிடிஎப் நல்லதா, இபப் நல்லதா?

படிப்பதற்கு இபப். திரைக்குத் தகுந்த மாதிரி வரிகள் தானே மடங்கும், எழுத்தைப் பெரிதாக்கலாம், கருவி வாய்விட்டுப் படித்தும் காட்டும். 2007லிருந்து இருக்கும் பொதுத் தரம் அது, எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தும் இல்லை. பிடிஎப் அச்சுப் பக்கத்தின் படம் மாதிரி, பெரிதாக்கினால் இடமும் வலமும் இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும். தமிழ் நூல் என்றால் கூடுதலாக ஒன்று கவனிக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டியதை ஒழுங்காக யூனிகோடுக்கு மாற்றாமல் மின்னூலாக்கினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று கிடக்கும். மாதிரிப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

போனிலேயே படிக்கலாமே, இ-ரீடர் எதற்கு?

தாராளமாகப் படிக்கலாம், நான் பஸ்ஸில் அப்படித்தான் படிக்கிறேன். இ-ரீடரின் மின்மைத் (இ-இங்க்) திரை காகிதம் மாதிரி வெளிச்சத்தைத் திருப்பித் தரும், வெயிலிலும் தெரியும், பக்கம் மாறும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் வேண்டும். அதைவிட முக்கியம், நடுவில் யாரும் மெசேஜ் அனுப்ப மாட்டார்கள்.

அச்சுப் புத்தகம் வாங்கினால் மின்னூலைச் சேர்த்தே தரக்கூடாதா?

எனக்கும் ஆசைதான். முடிவு பதிப்பகத்தின் கையில். அமேசானே 2013இல் மேட்ச்புக் என்று இதை ஆரம்பித்து 2019இல் நிறுத்திவிட்டது. சில சின்னப் பதிப்பகங்கள் தருகின்றன, அவர்களைத் தேடிப் பிடித்துக் கடையில் முன்வரிசையில் வைப்பது எங்கள் வேலை.

கண்ணுக்குத் தெரியாத பொருளைக் கடையில் எப்படிக் காட்டுவது?

இது கடை நடத்தும் நண்பர்கள் கேட்பது. ஒரு பரிந்துரைச் சீட்டு போதும். உள்ளங்கை அளவு அட்டை, அதில் கையால் எழுதிய மூன்று வரி, மூலையில் ஒரு க்யூஆர் கோடு. மூன்று வரியையும் அந்தப் புத்தகத்தை நிஜமாகவே படித்தவர் எழுத வேண்டும், பின்னட்டை வாசகத்தை நகல் எடுத்தால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். அட்டையை அச்சுப் பிரதிக்குப் பக்கத்திலேயே செருகுங்கள், மின்னூலுக்கென்று தனி மூலை ஒதுக்காதீர்கள். நாங்கள் முதலில் தனி மூலை வைத்தோம், ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அலமாரிக்கு மாற்றிய பிறகுதான், ஒரு கையில் புத்தகத்தையும் இன்னொரு கையில் போனையும் வைத்துக்கொண்டு எதை வாங்கலாம் என்று யோசிக்கும் மனிதர்களைப் பார்க்க முடிந்தது. இரண்டில் எதை வாங்கினாலும் எங்களுக்குச் சந்தோஷம்.

எழுத்தாளர் சந்திப்பெல்லாம் இந்தக் காலத்தில் எதற்கு? யூடியூபில்தான் எல்லாரும் பேசுகிறார்களே?

பாரிஸில் 1919இல் சில்வியா பீச் திறந்த ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி கடை, 1936இல் பணமில்லாமல் மூடும் நிலைக்கு வந்தது. ஆந்த்ரே ஜீத் முதலிய எழுத்தாளர்கள் சேர்ந்து கடையின் நண்பர்கள் என்று ஒரு குழு தொடங்கினார்கள். சந்தா கட்டியவர்கள் கடைக்குள் நடக்கும் வாசிப்புகளுக்கு வரலாம். ஜீத், பால் வலேரி, டி.எஸ். எலியட், ஹெமிங்வே எல்லோரும் அங்கே தங்கள் எழுத்தை வாசித்தார்கள். நாஜிகள் பிடித்த பாரிஸில் 1941 கடைசியில் மூடும்வரை அந்தக் கடை தாக்குப்பிடித்தது. ஒரு கடைக்குக் கஷ்டம் வந்தபோது எழுத்தாளர்கள் கொடுத்தது தங்கள் குரலை. கோப்பைப் பிரதி எடுக்கலாம், அந்த மாலையை எடுக்க முடியாது.

யூடியூபில் பேச்சைக் கேட்கலாம். ஆனால் நீங்கள் ஒரு கேள்வி கேட்டதும் எழுத்தாளர் மேலே பார்த்து யோசித்து, "இதை இதுவரை யாரும் கேட்கலை" என்று சொல்லித் தயங்கும் அந்த நிமிஷம், அதே அறையில் இருந்தால்தான் கிடைக்கும்.

பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள், மானம் போய்விட்டது. இனி நடத்த வேண்டுமா?

பன்னிரண்டு பேர் நல்ல கூட்டம்! நாற்பது நாற்காலி போட்டதுதான் பிரச்சினை. பதினைந்து போட்டு மீதியைப் பின்னறையில் அடுக்கி வையுங்கள், ஆள் வர வர எடுத்துப் போடுவது எல்லாருக்குமே உற்சாகம். எழுத்தாளரிடம் முன்னாலேயே உண்மையான எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள், ஐம்பது பேர் என்று ஆசை காட்டாதீர்கள்.

சந்திப்பை எப்படி நடத்துவது? என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

மொத்தம் ஒரு மணி நேரம் போதும். வாசிப்பு பத்து நிமிஷம், மிஞ்சினால் பதினைந்து. அதற்கு மேல் போனால் நல்ல எழுத்துக்கும் தலைகள் சாயும். பிறகு நூலை முழுதாகப் படித்த ஒருவர் எழுத்தாளரோடு உரையாட வேண்டும், மேடைப் பேச்சு வேண்டாம், சால்வை, மாலை, வாழ்த்துரை வரிசை எதுவும் வேண்டாம். உரையாடுபவரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. பிரபலம் என்று ஒருவரைக் கூப்பிட்டு அவர் நூலைப் படிக்காமல் வந்து தன் கதையையே பேசிக்கொண்டிருந்த ஒரு மாலை எனக்கு இன்னும் உறுத்துகிறது, அந்த இளம் எழுத்தாளர் கையில் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு உரையாடுபவர் எங்கள் வாசகர்களில் ஒருவராகத்தான் இருப்பார். கடைசி இருபது நிமிஷம் கேள்விகளுக்கு. முதல் கேள்விக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அதனால் கடையில் வேலை பார்ப்பவர் ஒருவர் ஒன்றைத் தயாராக வைத்திருக்கட்டும்.

பிரதிகள் இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே கடைக்கு வந்தாக வேண்டும். நாளைக்கு வரும் என்று நம்பி, எழுத்தாளர் வந்து புத்தகம் வராத அவஸ்தையை விரோதிக்கும் கொடுக்கக் கூடாது. விற்காததைத் திருப்பி எடுப்பார்களா என்று பதிப்பகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்து மேசையில் தண்ணீர், நல்ல பேனா இரண்டு, சின்னச் சீட்டுகள். வரிசையில் நிற்கும்போதே ஒருவர் வந்து அவரவர் பெயரைச் சீட்டில் எழுதித் தலைப்புப் பக்கத்தில் செருகிவிட்டால் ஒரு பெயரிலும் பிழை வராது, வரிசையும் நகரும். மைக் வேண்டாம் என்று நினைக்காதீர்கள், பின்வரிசையில் காது மந்தமானவர் ஒருவர் கட்டாயம் இருப்பார், கேட்கவில்லை என்று சொல்லாமலே எழுந்து போய்விடுவார்.

கட்டணம் வாங்கலாமா?

சின்னத் தொகை வாங்கி, அதைப் புத்தக விலையில் கழித்துக்கொள்ளுங்கள். இலவசம் என்றால் பெயர் கொடுத்தவர்களில் நிறையப் பேர் வருவதில்லை என்பது எங்கள் அனுபவம். மாணவர்களுக்கு வேண்டாம்.

மின்னூல்தான் வாங்கினேன். எழுத்தாளர் எதில் கையெழுத்துப் போடுவார்?

இதற்காக நாங்கள் தடித்த தாளில் அட்டைகள் வெட்டி வைத்திருக்கிறோம், மேலே நூலின் பெயர், கீழே வெற்றிடம். மின்னூல் ரசீதைக் காட்டினால் ஒரு அட்டை. வரிசை ஒன்றுதான், மின்னூல்காரர்களைத் தனியாக நிறுத்துவதில்லை. முதலில் சொன்ன ஆசிரியை அட்டை வேண்டாம் என்றுவிட்டார். இ-ரீடரின் உறையை மலர்த்தி நீட்டினார், எழுத்தாளர் உள்பக்கத்துத் துணியில் அழியாத மையால் எழுதினார். இப்போது அதில் நாலு கையெழுத்து இருக்கிறது, ஐந்தாவதற்கு இடம் பார்த்து வைத்திருக்கிறார்.

மின்னூலாக மட்டும் வெளியிட்ட எழுத்தாளருக்குச் சந்திப்பு நடத்துவீர்களா?

நடத்துவோம். எங்களில் யாராவது ஒருவர் படித்து, அவருக்குப் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. விற்பனை எங்கள் லிங்க் வழியாக நடக்கட்டும் என்று கேட்டுக்கொள்வோம். சிலர் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் முப்பது பிரதி போட்டுக்கொண்டு வருவார்கள், அதை விற்றபின் பணம் என்ற கணக்கில் வைத்துக்கொள்கிறோம்.

ஒலிநூல்?

அதற்கும் வழி இருக்கிறது. லிப்ரோ.எப்எம் என்ற நிறுவனம் நீங்கள் தேர்ந்தெடுக்கும் கடைக்குப் பங்கு கொடுத்துப் பூட்டில்லாத ஒலிநூல் விற்கிறது.

கடையில் புரட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று போனில் வேறிடத்தில் வாங்குகிறார்களே, கோபம் வராதா?

முன்பு வந்தது. இப்போது பக்கத்தில் போய், "மின்னூலா வேணும்? எங்ககிட்டயும் இருக்கு" என்று க்யூஆர் கோடைக் காட்டுகிறேன். நிறையப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. அவர்கள் போனை எடுத்ததே விலைக்காக என்று நான் நினைத்தது தவறு, பலருக்கு வீட்டில் இடமில்லை.

வாசகராக நான் என்ன செய்ய வேண்டும்?

கணக்குத் தொடங்கும்போதே கடையைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். கோபோ மாதிரியான ஏற்பாடுகளில் கடையின் லிங்க் வழியாகவோ கடையில் வாங்கிய கருவி வழியாகவோ கணக்கு இணைந்தால்தான் பங்கு கடைக்குப் போகும், முதலில் வேறு வழியாகத் தொடங்கிவிட்டுப் பிறகு மாற்றுவது சிரமம். என்ன செய்வது என்று புரியவில்லையானால் கருவியைக் கையோடு கடைக்கு எடுத்து வாருங்கள். ஐந்து நிமிஷ வேலை, கல்லாவில் இருப்பவர் செய்து கொடுப்பார், அடுத்து என்ன படிக்கலாம் என்றும் அப்படியே கேட்டுக்கொள்ளலாம்.